முத்திரையும் மன அமைதியும்

'முத்திரை' என்னுஞ் சொல் நம் நாட்டு மக்கள் நாவில் நாள்தோறும் வழங்குவது. கடிதத்தில் ஒட்டுவது முத்திரை. அரசாங்கப் பத்திரத்திற் பதிப்பது முத்திரை. பழைய காசிற் பொறித்ததும் முத்திரையே. இவையனைத்திலும் பொதுவாய் நிற்கும் இயல்பு ஒன்று உண்டு. முத்திரை தானே பொருளாவதில்லை. பொருளொன்றுக்குச் சான்றாய் நிற்பது அது. கடிதத்தைக் கொண்டுசேர்ப்பது தபாற் சேவை. அச்சேவைக்குரிய கட்டணம் இறுக்கப்பட்டதென்பதை அறிவிப்பது முத்திரை. கைவிரல்களை மடக்கியும் நீட்டியும் இணைத்தும் அமைக்கும் குறிகளுக்கும் இப்பெயரையே நம் முன்னோர் இட்டனர். பெயரின் பொருத்தம் சிந்திக்கத்தக்கது.

ஐக்கிய நாடுகள் சபையின் தீர்மானத்தின்படி 2015 ஆம் ஆண்டு முதல் யூன் 21 ஆம் நாள் சர்வதேச யோகா தினமாகக் கொண்டாடப்படுகின்றது. அதன் பயனாக யோகத்தில் ஈடுபாடு நம்மவரிடையே பெருகியுள்ளது, இது மகிழ்தற்குரியது. ஆயின், அவ்வீடுபாட்டுடன் கூடவே வேறொன்றும் பரவிவருகின்றது. விரல்களின் படங்களை வரிசையாக இட்டு, 'இவ்விரலை மடக்கினால் நீரிழிவு நீங்கும். இவ்விரல்களை இணைத்தால் மாரடைப்பு நிற்கும்' எனக் கூறும் அட்டவணைகள் புத்தகங்களிலும் கைபேசிகளிலும் நாள்தோறும் கைமாறுகின்றன. ஆசிரியரும் மாணவரும் இவற்றை வீட்டிலுள்ள முதியோர்க்குக் காட்டுகின்றனர். படித்தவர் காட்டுவதனால் முதியோரும் நம்புகின்றனர். ஆதலின், முத்திரை என்பது யாது, அது தரவல்லது எது, தரமாட்டாதது எது என்பவற்றை வரையறுத்து அறிதல் நம்மனோர் கடமையாகின்றது. அவ்வரையறையை நாடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்டியிற் காணும் முத்திரைகள்

முத்திரையை அறிய நாம் நெடுந்தூரஞ் செல்ல வேண்டியதில்லை. கண்டி நகரின் பல பகுதிகளிலிருந்தும் காணத்தக்கதாய், பைரவகந்தைக் குன்றின்மேல் 88 அடி உயரமுள்ள வெண்ணிறப் புத்தர் சிலை வீற்றிருக்கின்றது. அதன் கைகளை நோக்குக. இரு கைகளும் மடிமீது அமைந்து, இடக்கையின் உள்ளங்கைமேல் வலக்கை மலர்ந்து கிடக்கின்றது. இது தியான முத்திரை. அநுராதபுரத்துச் சமாதிச் சிலையில் உள்ளதும் இதுவே. இம்முத்திரை காண்போரிடத்து விளைக்கும் அமைதிக்கு நேருவின் வாழ்க்கை ஒரு சான்று. தெராதூன் சிறையில் அவர் அடைபட்டிருந்தபோது, இலங்கை நண்பரொருவர் அநுராதபுரத்துப் புத்தர் சிலையின் படத்தை அனுப்பினார். அதனைத் தம் சிறு மேசைமீது வைத்திருந்ததையும், அவ்வுருவத்தின் திண்மையும் அமைதியும் தமக்குத் துணையானதையும் அவர் தம் சுயசரிதையிற் குறிப்பிடுகின்றார். சிலையின் விரல்கள் அவருக்கு மருந்தெதுவும் அளிக்கவில்லை. சலியாத உள்ளமொன்று இருத்தல் கூடும் என்பதை நினைவூட்டின.

இனி, நம் சிவாலயங்களின் கருவறைத் தென்சுவரைக் காண்போம். ஆங்கே கல்லால மரநிழலில் தெற்கு நோக்கி அமர்ந்த தட்சிணாமூர்த்தியின் வலக்கையிற் பெருவிரலும் சுட்டுவிரலும் நுனிகூடி நிற்க, ஏனைய மூன்று விரல்களும் விலகி நிற்கின்றன. இதுவே சின்முத்திரை. சனகர், சனந்தனர், சனாதனர், சனற்குமாரர் என்னும் முனிவர் நால்வர்க்கும் இறைவன் வாய்திறவாது உணர்த்திய மெய்ப்பொருளை இக்குறி காட்டுகின்றது என்பர். சித்தாந்த நோக்கிற் பெருவிரல் பதி, சுட்டுவிரல் பசு, ஏனைய மூன்றும் ஆணவம், கன்மம், மாயை என்னும் பாசங்கள். சுட்டுவிரல் இயல்பாக நிற்பது மூன்று விரல்களின் பக்கம். அவற்றை விட்டு வளைந்து பெருவிரலின் அடிசேரும்போது உயிர் வீட்டின்பம் எய்துகின்றது. பன்னிரு சூத்திரங்களாக மெய்கண்டார் யாத்த சிவஞானபோதத்தின் சாரத்தை, எழுத்தறியாதாரும் உணருமாறு ஒரு கையில் அடக்கிய திறம் வியத்தற்குரியது. 'பிறரைச் சுட்டும் விரல் தாழ்ந்து வணங்குவதே ஞானம்' என எளிய மக்கள் கூறும் விளக்கமும் இதனோடு ஒத்ததே.

இதே அமைப்பைப் பௌத்தச் சிற்பத்திலுங் காணலாம். பெருவிரலும் சுட்டுவிரலும் இணைய உள்ளங்கை முன்னோக்கி நிற்பதை ஆங்கு விதர்க்க முத்திரை என்பர். அறம் உரைத்தலைக் குறிப்பது அது. இரு சமயத்தாரும் போதித்தலுக்கு ஒரே குறியைக் கையாளுதல் தற்செயலன்று. 1344 ஆம் ஆண்டில் எழுந்த கடலாதெனியா விகாரையை அமைத்த தலைமைச் சிற்பி கணேசுவராசாரியார் என்னுந் தென்னிந்தியர் என்பதை நினைத்தால், இப்பகுதியின் கலை எத்துணைப் பொதுமையானது என்பது புலனாகும்.

பொலன்னறுவைச் சிவதேவாலயங்களின் அகழ்வில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கிடைத்துக் கொழும்பு நூதனசாலையில் வைக்கப்பெற்ற நடராசர் திருவுருவங்களும் ஈண்டு நினைத்தற்குரியன. உடுக்கை படைத்தலையும், அமைந்த கை காத்தலையும், அனல் அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கும் என உண்மை விளக்கம் உணர்த்தும். அமைந்த கையின் குறி அபயம். 'அஞ்சற்க' என்பது அதன் பொருள். இக்குறிகளின் நுட்பத்தை மேனாட்டார்க்கு உணர்த்தியவருள் முதன்மையானவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி ஆவர். கண்டிக் காலக் கலைகளை ஆராய்ந்து 1908 இல் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலை வெளியிட்ட அவரே, நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணத்தை 1917 இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். அந்நூல் கூறும் ஒற்றைக்கை முத்திரைகள் 28. சின்முத்திரையை ஒத்த அமைப்பு அவற்றுள் அம்சாஸ்யம் எனப் பெயர்பெறும். சிலையில் ஞானத்தைக் குறித்த விரலமைப்பு, நாட்டியத்தில் அன்னத்தின் அலகாகி, இடத்திற்கேற்பப் பல பொருள் தருகின்றது. குறி ஒன்று, பொருள் பல. பொருளை நிறுவுவது விரலன்று, அதனைக் கையாளும் மரபே என்பது இதனாற் பெறப்படும்.

யோக நூல்கள் கூறுவன

முத்திரை யோக நூல்களிலும் உண்டன்றோ எனின், உண்டு. ஆயின் ஆங்கு அச்சொல்லின் பொருள் வேறு. பதினைந்தாம் நூற்றாண்டளவில் சுவாத்மாராமர் இயற்றிய அடயோகப் பிரதீபிகை பத்து முத்திரைகளைக் கூறுகின்றது. கேரண்ட சங்கிதை அவற்றை இருபத்தைந்தாக விரிக்கின்றது. மகாமுத்திரை, மூலபந்தம், சாலந்தரபந்தம், கேசரி, விபரீதகரணி முதலியன அவற்றுட் சில. இவை உடல் முழுவதையும், மூச்சையும், நாவையும், தசைகளையும் கட்டுப்படுத்தும் கடிய பயிற்சிகள். செவி, கண், நாசி, வாய் ஆகியவற்றை விரல்களால் மூடிப் புலனடக்கும் பயிற்சியொன்று உண்டு. ஆயினும், ஒவ்வொரு விரலுக்கும் ஒவ்வொரு நோயைப் பங்கிட்டு உரைக்கும் அட்டவணை இந்நூல்களில் இல்லை. திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்தில் எண்வகை யோக உறுப்புக்களை விரித்துரைக்குமிடத்து, மூச்சின் அளவுக்கும் மனத்தின் ஒடுக்கத்துக்குமே முதன்மை தருகின்றார்.

பூசை மரபிலோ கைமுத்திரை மிகுதியாக உண்டு. சிவாசாரியர் ஆவாகன முத்திரையால் இறைவனை எழுந்தருளச் செய்கின்றார். தேனு முத்திரையால் நீரை அமிர்தமாகப் பாவிக்கின்றார். கை செய்வதை வாக்கு மந்திரத்தாலும், மனம் பாவனையாலும் உடன்செய்ய வேண்டும் என்பது ஆங்கு விதி. மனமும் வாக்கும் நீங்கிய வெறும் விரலசைவு ஆகம நெறியிற் பூசையாகாது.

விரல்களும் பூதங்களும்

இக்காலத்து வழங்கும் நோய் நீக்க முத்திரைகள் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில் வகுக்கப்பட்டுப் பரவியவை. அவற்றின் அடிப்படைக் கொள்கை வருமாறு: பெருவிரல் தீ, சுட்டுவிரல் காற்று, நடுவிரல் வான், மோதிரவிரல் நிலம், சிறுவிரல் நீர். விரல் நுனியைப் பெருவிரல் நுனியோடு சேர்த்தால் அப்பூதம் வளரும். விரலை மடக்கிப் பெருவிரலால் அழுத்தினால் அது தணியும். மோதிரவிரல் நுனியை இணைப்பது பிருதுவி முத்திரை. அதனை மடக்குவது சூரிய முத்திரை. சிறுவிரல் நுனியை இணைப்பது வருண முத்திரை. இங்ஙனம் வகுத்தது நினைவிற் கொள்ளுதற்கு எளிது என்பதில் ஐயமில்லை.

ஆயின், இப்பங்கீடு நம் பழைய மரபோடு ஒத்துள்ளதா? சைவ பூசையிற் கரநியாசம் செய்யுங்கால், பெருவிரல் முதலாகச் சிறுவிரல் ஈறாக ஈசானம், தற்புருடம், அகோரம், வாமதேவம், சத்தியோசாதம் என்னும் ஐந்து மந்திரங்களைப் பதித்தல் பெருவழக்கு. அவ்வைந்துக்கும் உரிய பூதங்கள் முறையே வான், காற்று, தீ, நீர், நிலம் என்பர். புதிய அட்டவணையை இதனோடு ஒப்பிட்டால், சுட்டுவிரல் ஒன்றே ஒத்திருக்கின்றது. ஏனைய நான்கும் மாறுபடுகின்றன. சித்த வைத்தியர் நாடி பார்க்கும் முறையையும் உடன்வைத்து நோக்குக. சுட்டுவிரலால் வளியும், நடுவிரலால் அழலும், மோதிரவிரலால் ஐயமும் அறியப்படும் என்பது அம்முறை. அழல் தீயின் கூறு. ஐயம் நீரின் கூறு மிகுந்தது. இது கரநியாச முறையோடு இயைந்து நிற்கின்றது. புதிய அட்டவணையின்படியோ நடுவிரல் வானும் மோதிரவிரல் நிலமும் ஆகின்றன.

ஈண்டு எது சரி, எது பிழை என்பது வினாவன்று. பூசையிற் பூதப் பங்கீடு வழிபாட்டுக்குரிய பாவனை. அதனை உடற்கூற்று உண்மையென எவரும் கொண்டாரல்லர். பாவனையை மருந்துச் சீட்டாக மாற்றும்போதே இடர் தோன்றுகின்றது. மோதிரவிரலில் இருப்பது நிலமோ நீரோ என்பதில் இரு மரபுகள் முரணும்போது, அவ்விரலை மடக்கி ஒருவர் தம் உடல்நோயைத் தீர்க்க முற்படுதல் எங்ஙனம் பொருந்தும்? 'பழைய சாத்திரம் கூறுகின்றது' என்னும் சொல்லுக்கு அஞ்சி வாளாவிருத்தல் சாத்திரத்துக்கும் பெருமை தருவதன்று.

முத்திரை தரவல்லது

அங்ஙனமாயின் முத்திரையாற் பயனே இல்லையோ எனின், உண்டு. சிறந்த பயன் உண்டு. அஃது அமைதி.

கனடாவின் மொன்றியல் நகரிற் பணியாற்றிய மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் பென்பீல்டு, சிகிச்சையின்போது மூளைய மேற்பட்டையை மென்மின்னாற் தூண்டி, உடலின் எவ்வுறுப்பு அதன் எவ்விடத்தில் உணரப்படுகின்றது என்பதை ஆராய்ந்து 1937 இல் உடனாய்வாளருடன் வெளியிட்டார். உடம்பின் நடுப்பகுதி முழுவதற்கும் உரிய இடத்தினும் கைக்கும் விரல்களுக்கும் உரிய இடம் மிகப் பெரிதென்பது அவ்வாராய்ச்சியால் விளங்கிற்று. பெருவிரலும் சுட்டுவிரலும் நுண்ணுணர்விற் சிறந்தவை. கலகாவிலும் தெல்தோட்டையிலும் கொழுந்து பறிக்கும் தாய்மார் கண்ணால் ஆராயுமுன்னரே தளிரின் இளமையை அவ்விரல்கள் அறிந்துவிடுகின்றன. இத்துணைக் கூர்மையுள்ள இரு நுனிகள் ஒன்றையொன்று மெல்லத் தொடும்போது, அத்தொடுகை மனத்துக்கு ஒரு பற்றுக்கோடாகின்றது. அலையும் மனத்தை 'அலையாதே' என்று அதட்டுவதனாற் பயனில்லை. நிற்பதற்கு ஓரிடம் காட்டினால் அது நிற்கும்.

இரண்டாவது, மூச்சு. முத்திரை பிடித்து அமர்ந்தவர் இயல்பாகவே முதுகை நிமிர்த்தி மூச்சை மெதுவாக்குகின்றனர். ஓய்விலிருக்கும் வளர்ந்தோர் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது முறை வரை மூச்சு விடுவர். அதனை ஆறளவாகக் குறைத்து, வெளிமூச்சைச் சற்று நீட்டினால், பரபரிவு நரம்புத்தொகுதியின் செயல் ஓங்குகின்றது, இதயத்துடிப்பு தணிகின்றது, பதற்றம் குறைகின்றது. மெதுவான மூச்சின் இப்பயன் ஆராய்ச்சிகளாற் பெரிதும் உறுதிபெற்றுள்ளது. முத்திரையைத் தனியே எடுத்துச் சோதித்த ஆய்வுகளோ சிலவே. அவற்றிற் பங்குபற்றினோர் தொகையும் சிறிது. ஆகவே, பயனை விளைப்பது மூச்சும் கவனமும். அவ்விரண்டையும் ஒருங்குசேர்க்கும் கைப்பிடி முத்திரை எனக் கொள்வதே தகும். 1979 இல் தொடங்கப்பெற்ற நிலம்பைத் தியான நிலையத்திற் பல்லாண்டு வழிகாட்டிய காலஞ்சென்ற கொட்வின் சமரரத்ன அவர்களும் மூச்சை நண்பனாகக் கொண்டு கவனித்தலையே வற்புறுத்தினார். நெறிகள் வேறாயினும் வழி ஒன்றாதல் காண்க.

முத்திரை தரமாட்டாதது

இனி அஞ்சத்தக்க பக்கத்தை நோக்குவோம். முதலாம் வகை நீரிழிவு உடையார்க்குச் சதையி இன்சுலினைச் சுரப்பதில்லை, அல்லது மிகச் சிறிதே சுரக்கின்றது. புறத்தேயிருந்து இன்சுலின் ஏற்றாவிடின் அவர் உயிர் தரிப்பதில்லை. எவ்விரலை எவ்விரலோடு சேர்த்தாலும் அச்சுரப்பு மீள்வதில்லை. பெரியோரிடையே மிகுதியாகக் காணும் இரண்டாம் வகையிலும், மாத்திரையை நிறுத்தினால் நோய் ஓசையின்றிச் சிறுநீரகத்தையும் கண்ணையும் பாதத்தையும் அரிக்கின்றது. யாம் கற்பிக்கும் மாணவனொருவனின் பாட்டனார் சில மாதம் முத்திரையையே நம்பி மாத்திரையைக் கைவிட்டார். காலிற் பட்ட சிறு காயம் ஆறாது அழுகி, ஈற்றில் இரு விரல்களை இழந்த பின்னரே அவர் மீண்டார். அவர் கைவிரல்கள் அத்தனை நாளும் முத்திரையை வழுவாது காத்தன, இழந்தன கால்விரல்கள். அப்படத்தை அவருக்குக் காட்டியவன் அவர்பால் அன்புமிக்க பேரனே என்பது எண்ணுந்தோறும் வருத்துவது.

இதனினும் கொடிது மாரடைப்புப் பற்றிய கூற்று. சுட்டுவிரலை மடக்கிப் பெருவிரலின் அடியிற் பதித்து, நடுவிரல், மோதிரவிரல் நுனிகளைப் பெருவிரலோடு சேர்ப்பதை மிருதசஞ்சீவினி முத்திரை என்கின்றனர்; மாரடைப்பு நேருங்கால் நாவின்கீழ் வைக்கும் மாத்திரையினும் விரைந்து இது காக்கும் எனவும் எழுதுகின்றனர். மாரடைப்பின்போது நிகழ்வது யாது? இதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் முடியுருநாடி அடைபடுகின்றது. குருதி பெறாத தசை நிமிடந்தோறும் மடிகின்றது. அடைப்பை மருந்தாலோ குழாய்ச் சிகிச்சையாலோ நீக்குதற்கு எத்துணை விரைவில் வைத்தியசாலையை அடைகின்றோமோ அத்துணைத் தசை பிழைக்கும். மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து கண்டித் தேசிய வைத்தியசாலைக்கு வரும் வழி வளைவும் ஏற்றமும் உடையது. அங்கே முத்திரை பிடித்துக் காத்திருக்கும் கால்மணி நேரம் ஓர் உயிரின் விலையாதல் கூடும். 2016 இல் தொடங்கப்பெற்ற சுவசெரிய இலவச அம்புலன்சு வண்டியை 1990 என்னும் தொலைபேசி இலக்கத்தால் அழைக்கலாம். நெஞ்சுவலி கண்டபோது விரல்கள் முதலிற் செய்யத்தக்கது அவ்விலக்கத்தை அழுத்துதலே.

மாணவர்க்கு உரிய பயிற்சி

மருந்துக்கு மாற்றாகக் கொள்ளாது, மனத்துக்குத் துணையாகக் கொள்வார்க்கு முத்திரைப் பயிற்சி மிக எளிது. பொருட்செலவு இல்லை, இடம் வேண்டியதில்லை. புலமைப்பரிசிற் பரீட்சைக்கு அமரும் சிறுவரும், உயர்தரப் பரீட்சைக்கு அமரும் இளைஞரும் வினாத்தாளைப் பெறுமுன் கைநடுங்கி நிற்பதை ஆசிரியர் பலரும் கண்டிருப்பர். அவர்க்கு இதனைக் கற்பிக்கலாம்.

நாற்காலியிலோ நிலத்திலோ முதுகு நிமிர்ந்து அமர்க. கைகளைத் தொடைமீது மலர்த்தி வைத்து, பெருவிரல் நுனியும் சுட்டுவிரல் நுனியும் மலரிதழொன்றைக் கசக்காது பிடித்தாற்போல மெல்லத் தொடுக. நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளிழுத்து, ஆறு எண்ணும்வரை வெளிவிடுக. ஓர் எண்ணுக்கு ஒரு வினாடி கொண்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சாகும். ஐந்து நிமிடத்தில் முப்பது. கவனம் விரல் தொடும் இடத்திலேயே நிற்க. மனம் சோர்ந்து அயரும்போது விரல்கள் நெகிழ்ந்து விலகும். மனம் பதறும்போது அவை இறுகி நகம் வெளிறும். இரண்டையும் கண்டு மீண்டும் மெல்லச் சேர்த்துக்கொள்க. முத்திரை என்பது அகத்தின் நிலைக்குச் சான்று என முன்னர்க் கூறியதன் உண்மையை இவ்விடத்து ஒவ்வொருவரும் தாமே காண்பர்.

மூச்சை நெடுநேரம் உள்ளடக்குதலை ஆசானின்றிச் செய்யற்க. திருமந்திரம் பூரகம், கும்பகம், இரேசகம் என்பவற்றுக்குப் பதினாறு, அறுபத்து நான்கு, முப்பத்திரண்டு மாத்திரை என அளவு வகுத்தது முதிர்ந்த யோகியர்க்கே. தலைசுற்றல் தோன்றின் இயல்பான மூச்சுக்கு மீள்க. துயரமோ அச்சமோ வாரக்கணக்கில் நீங்காதாயின் ஆசிரியரையும் பெற்றோரையும் வைத்தியரையும் நாடுக. அவ்வாறு நாடுதல் இழிவன்று.

நிறைவாக ஒன்று. தட்சிணாமூர்த்தியின் கை காட்டுவது செருக்கு அடங்கிய அறிவை. 'எல்லா நோய்க்கும் மருந்து எம்மிடமே உண்டு' என்னும் செருக்கை அக்கையின் பெயரால் வளர்த்தல் அதற்கு முரணாகும். உடலைக் காக்க வைத்தியரையும், உள்ளத்தை அடக்க முத்திரையையும் துணைக்கொண்டு, ஒன்றன் பணியை மற்றொன்றன்மேற் சுமத்தாது வாழ்தலே அறிவுடைமை. நம் மாணவர் அதனைத் தாமும் கடைப்பிடித்து, தம் இல்லத்து முதியோர்க்கும் எடுத்துரைப்பாராக.